புதுப்பிப்பு: காரில் தொங்கிய கூரைத் துணி சரியாகிவிட்டது

என் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் கூரைத் துணி தொங்கித் தலையில் உரசுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஊசி வழியாகப் பசை ஏற்றியது இரண்டே வெயில் நாள்தான் தாங்கியது, ஏனென்றால் துணிக்குப் பின்னாலிருக்கும் ஃபோமே பொடியாகிவிட்டது, அதன்மேல் எந்தப் பசையும் நிற்காது. துணி ஒட்டியிருக்கும் கூரைப் பலகையையே கழற்றச் சொன்னவர் சொன்னதுதான் சரி. சன்வைசர், உள்விளக்கு எல்லாம் எடுத்து, இருக்கைகளைச் சாய்த்து, பின்கதவு வழியாக வெளியே இழுத்தேன். பழைய ஃபோமைச் சுரண்டவே ஒரு மதியம் போனது (மாஸ்க் போடுங்கள், மூக்கெல்லாம் பொடி). அப்புறம் வெப்பம் தாங்கும் ஸ்ப்ரே பசையைப் பலகை, துணி இரண்டிலும் அடித்து, பிசுபிசுப்பாகும் வரை விட்டு, ஃபோம் வைத்த புதுத் துணியை நடுவிலிருந்து ஓரமாகத் தடவி ஒட்டினேன். எதிர்பாராதது ஒன்று: கழற்றும்போது பலகையின் மூலை விரிசல் விட்டது, பின்பக்கம் ஃபைபர்கிளாஸும் ரெசினும் வைத்துச் சமாளித்தேன். ஐந்து வாரமாக வெயிலில் நிற்கிறது, இன்னும் தொங்கவில்லை.