சொந்தமாக கம்பைல் செய்த 6.6 லினக்ஸ் கெர்னலில் டச்பேட் இல்லை (ஆல்டர் லேக்-பி)

வெற்றுத்திரை:
இன்டெல் 12ஆம் தலைமுறை (ஆல்டர் லேக், அதில் பி வகை) லேப்டாப். டிஸ்ட்ரோவோடு வந்த கெர்னலில் பூட் செய்தால் டச்பேட் ஓடுகிறது, நான் கம்பைல் செய்த 6.6-ல் செத்துக் கிடக்கிறது. கீபோர்டும் யுஎஸ்பி மவுஸும் இரண்டிலும் சரி. கான்ஃபிக்கில் ஐ2சி (சிப்புகளை இணைக்கும் சிறு பஸ்), அதற்குள் ஐ801 டிரைவர், ஹெச்ஐடி (கீபோர்டு, மவுஸ் போன்ற உள்ளீட்டுச் சாதனங்கள்) மல்டிடச் எல்லாம் போட்டாயிற்று. பிசிஐ சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ -என்என்கே கொடுத்தால் 00:15.0-ல் சீரியல் ஐஓ ஐ2சி கன்ட்ரோலர், 8086:51இ8 என்று வருகிறது. அதன் கீழே எந்த டிரைவர் பெயரும் இல்லை.

நான்காம்பிட்:
டிரைவர் பெயர் இல்லை என்கிறீர்களே, கோளாறு அங்கேதான். ஐ801 வேறு பஸ்: எஸ்எம்பஸ், வழக்கமாக 00:1எஃப்.4-ல் இருக்கும். உங்கள் டச்பேட் தொங்குவது 00:15.0-ல். அதைப் பிடிக்க அடுக்காக இரண்டு டிரைவர் வேண்டும். பிசிஐ பக்கத்தைப் பிடிப்பது எல்பிஎஸ்எஸ் (இன்டெல் லோ பவர் சப்சிஸ்டம்). அது உள்ளே உருவாக்கித் தரும் சாதனத்தைப் பிடிப்பது டிசைன்வேர் என்ற ஐ2சி டிரைவர். ஒன்று விட்டுப்போனாலும் பஸ்ஸே எழாது.

மெனுகான்ஃபிக்கில் (கெர்னல் அமைப்புகளைத் தேர்ந்தெடுக்கும் மெனு) டிவைஸ் டிரைவர்ஸ் → மல்டிஃபங்ஷன் → இன்டெல் லோ பவர் சப்சிஸ்டம், பிசிஐ மோட். அடுத்து ஐ2சி ஹார்டுவேர் பஸ் சப்போர்ட் → சினாப்சிஸ் டிசைன்வேர் பிளாட்ஃபார்ம். ஹெச்ஐடி மெனுவில் ஐ2சி ஹெச்ஐடி → ஏசிபிஐ டிரைவரையும் பாருங்கள் (ஏசிபிஐ என்பது வன்பொருள் விவரங்களை ஃபர்ம்வேர் கெர்னலுக்குச் சொல்லும் முறை). 5.12-ல்தான் அது ஏசிபிஐ தனி, ஓஎஃப் (டிவைஸ் ட்ரீ வழி) தனி என்று பிரிந்தது. பழைய கான்ஃபிக் கோப்பை வைத்து ஓல்ட்கான்ஃபிக் கேட்கும் புதிய கேள்விகளுக்கெல்லாம் எண்டர் தட்டிக்கொண்டே போனவர்களுக்கு அது ஆஃப் ஆகியிருக்கும்.

கம்பைல் முடிந்ததும் ஐ2சி பஸ்களைப் பட்டியலிடும் ஐ2சிடிடெக்ட் -எல் கொடுத்தால் டிசைன்வேர் அடாப்டர் வரி தெரிய வேண்டும்.

வெற்றுத்திரை:
அடாப்டர் வந்துவிட்டது. சிஸ்எஃப்எஸ்ஸில் (கெர்னல் சாதனங்களைக் காட்டும் இடம்) பஸ் → ஐ2சி → டிவைசஸ் கீழே டச்பேடும் தெரிகிறது, ஆனால் அதற்குள் டிரைவர் லிங்க் இல்லை. கெர்னல் லாகில் எர்ரரும் இல்லை. பின் கன்ட்ரோலில் (சிப்பின் பின்களை நிர்வகிக்கும் டிரைவர்கள்) ஆல்டர் லேக் ஏற்கெனவே ஆன்.

தாமிரக்கம்பி:
பெயர் உங்களை ஏமாற்றிவிட்டது. ஆல்டர் லேக் பின்கன்ட்ரோல் டிரைவர் எஸ், என் வகைகளுக்கு. பி வகையில் ஜிபிஐஓ (பொதுப் பயன்பாட்டு பின்கள்) சிப்பின் ஏசிபிஐ அடையாளம் ஐஎன்டிசி1055. அதை அறிந்த டிரைவர் டைகர் லேக். (காமெட் லேக்-எல்பிக்கும் இதே கூத்துதான்: அங்கே கேனன் லேக் டிரைவர் வேண்டும்.) மெனுவில் ஆல்டர் லேக் என்று தனியாக ஒன்று இருக்கும்போது டைகர் லேக்கை யார் தேடுவார்கள்?

விரல் பட்டதை டச்பேட் இன்டரப்ட் (கெர்னலைக் கூப்பிடும் சிக்னல்) கொடுத்துத்தான் சொல்லும். அந்த இன்டரப்ட் எந்த ஜிபிஐஓ பின்னில் வருகிறது என்பது ஏசிபிஐ டேபிளில் இருக்கிறது. அந்த ஜிபிஐஓவுக்கு டிரைவரே இல்லையென்றால் கெர்னல் "அப்புறம் பார்க்கலாம்" என்று ஒத்திவைக்கும். ஒத்திவைப்பு தோல்வி ஆகாது, அதனால்தான் எர்ரர் வரவில்லை. டிபக்எஃப்எஸ் (கெர்னலின் உள்நிலையைக் காட்டும் ஃபைல்சிஸ்டம்) மவுண்ட் செய்து, ஒத்திவைத்தவற்றின் பட்டியலான டிவைசஸ்_டெஃபர்ட் கோப்பைத் திறந்தால் உங்கள் டச்பேட் அங்கே காத்திருக்கும்.

எந்த டிரைவர் என்று ஊகிக்கவே வேண்டாம். டிஸ்ட்ரோ கெர்னலில் பூட் செய்து, பஸ் → பிளாட்ஃபார்ம் → டிவைசஸ் → ஐஎன்டிசி1055:00-க்குள் டிரைவர் லிங்க் எங்கே போகிறது என்று பாருங்கள்.

நான்காம்பிட்:
பி வகைக்கு டைகர் லேக் என்பதை நானே முதலில் சொல்லியிருக்க வேண்டும். இன்னொன்று: லோக்கல்மாட்கான்ஃபிக் (அப்போது லோடாகியுள்ள மாட்யூல்களை வைத்து கான்ஃபிக் உருவாக்குவது) பயன்படுத்துவதாக இருந்தால் டச்பேட் ஓடும் கெர்னலில் இருந்தே கொடுங்கள். அந்த நேரத்தில் லோடாகாத மாட்யூலை அது வெட்டிவிடும், டச்பேட் செத்த கெர்னலில் கொடுத்தால் செத்த கான்ஃபிக்தான் கிடைக்கும்.

வெற்றுத்திரை:
டைகர் லேக் போட்டதும் ஓடுகிறது. டிவைசஸ்_டெஃபர்ட் காலி. ப்ராக் → இன்டரப்ட்ஸ் கோப்பில் டச்பேட் பெயர் உள்ள வரி, விரலை இழுக்க இழுக்க எண் ஏறுகிறது.