மலைப்பாதையில் தானாகப் பிரேக் பிடிக்கும் கார்: எவ்வளவு தூரம் நம்பலாம்?

நுவரெலியா ஆசிரியை:
ஜப்பானில் பாவித்த சிறிய கார் ஒன்றைச் சென்ற மாதம் வாங்கினோம். அதன் முன்கண்ணாடியில் ஒரு கமராவும் முகப்பில் ஒரு ரேடாரும் உள்ளன. தடை தென்பட்டால் தானாகவே பிரேக் பிடிக்கிறது. முன்செல்லும் வாகனத்துக்கு இடைவெளி விட்டு, வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கிறது. தெற்கு அதிவேக வீதியில் காலிக்குப் போய்வந்தபோது என் கணவர் மிதிகளைத் தொட்டதே அரிது. ஆனால் ஊர் திரும்பிய மறுநாள், ரம்பொடைக்குக் கீழே ஒரு வளைவில், எங்கள் பாதையில் எதுவுமே இல்லாதபோது கார் அலறி ஒரு கணம் பிரேக் பிடித்தது. பின்னால் வந்த பஸ் மோதாமல் நின்றது அதன் சாரதியின் திறமையால்தான். நானுஓயாவில் மூடுபனி இறங்கியபோதோ, ஜப்பானிய எழுத்தில் ஏதோ அறிவித்துவிட்டு அந்த வசதி தானே ஓய்ந்துவிட்டது. இதை நம்புவதா, அணைத்துவைப்பதா?

கண்டி வாகன மின்னியலாளர்:
அம்மா, ரேடார் பெரும்பாலும் நேர்முன்னே பார்ப்பது. கூரிய வளைவில் நேர்முன்னே இருப்பது வீதியன்று. மண்மேடு, இரும்புத் தடுப்பு அல்லது எதிரே திரும்பும் லொறி. ஆகவே இல்லாத ஆபத்துக்கு அது பிரேக் பிடிக்கக்கூடும். இதன் மறுபக்கம்தான் எனக்குக் கூடுதல் அச்சம் தருகிறது: நீங்கள் சொன்ன, வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதியான குரூஸ் கொன்ட்ரோலில் செல்லும்போது முன்வாகனம் வளைவில் மறைந்தால், வழி திறந்துவிட்டதென எண்ணி, நீங்கள் பதிந்துவைத்த வேகத்துக்கு எட்டப் பார்க்கும். வளைவுகள் மிகுந்த வீதியிலும் செங்குத்துச் சரிவிலும் அதைப் பாவிக்க வேண்டாமென்று கையேடுகளே எச்சரிக்கின்றன; நம்மிடம் வரும் கையேடு ஜப்பானிய மொழியில் இருப்பதால் அதை யார் படிக்கிறார்கள்? குரூஸை மலையில் அணையுங்கள், அவசரப் பிரேக் இருக்கட்டும். முன்கண்ணாடி எப்போதாவது மாற்றப்பட்டதா என்றும் விசாரியுங்கள். மாற்றிய பின் கமராவின் கோணத்தைச் சரிபார்க்காவிட்டால் சிறு விலகலும் தொலைவில் பெரிதாகிவிடும்.

பழைய கொழுந்து லொறி சாரதி:
இருபத்தெட்டு வருடம் இந்த வீதிகளில் ஓட்டியவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன், மகள். ஏறிவரும் வாகனத்துக்கு இறங்குபவர் வழிவிடுவதும், வளைவுக்கு முன் ஹோர்ன் அடித்து, மறுபக்கத்திலிருந்து பதில் வருகிறதா எனக் காது கொடுப்பதும் எங்கள் வழக்கம். பனியில் நாங்கள் பாதி காதால்தான் ஓட்டினோம். உங்கள் காரின் கமராவுக்கும் ரேடாருக்கும் அந்தப் பதில் கேட்காது. கினிகத்தேனையிலிருந்து இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரைக் குறையுங்கள். உங்களுடையது பெற்றோலிலும் பற்றரியிலும் ஓடும் ஹைபிரிட் என்றால், அதன் கியரில் இறக்கத்துக்கான பி (B) என்ற நிலை இருந்தால் அதற்கு மாற்றுங்கள். ஹைபிரிட் இறக்கத்தில் பற்றரிக்குச் சக்தியை ஏற்றித்தான் வேகத்தைக் குறைக்கிறது; பற்றரி நிரம்பிவிட்டால் அது முன்போலச் சக்தியை மீளப் பெறாது, அப்போது என்ஜினே வண்டியைப் பிடித்துவைக்க வேண்டும்.

ஹட்டனில் பிறந்து வெளிநாட்டில் பணிபுரிபவர்:
தானியங்கி ஓட்டத்தைப் பூச்சியம் முதல் ஐந்து வரை படிகளாக வகுத்திருக்கிறார்கள். உங்கள் கார் இரண்டாம் படியைத் தாண்டாது. அதில் கார் என்ன செய்தாலும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவர் சாரதியே. மனிதரால் அப்படி வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க முடிவதில்லை என்பதுதான் சிக்கல். 2018 மார்ச்சில் அமெரிக்காவின் டெம்பி நகரில் ஊபரின் சோதனைக் கார், இரவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீதியைக் கடந்த பெண்ணை மோதிக் கொன்றது. எதிரே இருப்பது வாகனமா, சைக்கிளா, வேறு பொருளா என்று கணினி மாறிமாறி முடிவெடுத்தது. காரின் சொந்த அவசரப் பிரேக் அப்போது முடக்கப்பட்டிருந்தது. கண்காணிக்க அமர்ந்திருந்தவரின் பார்வை வீதியில் இருக்கவில்லை. சாரதியே இல்லாமல் ஓடும் வேமோ நிறுவனத்தின் கார்கள் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் 2020 முதல் பொதுமக்களை ஏற்றுகின்றன என்பதும் உண்மை. ஆனால் அவை நுணுக்கமாக வரைபடமாக்கப்பட்ட எல்லைக்குள், அகலமான வீதிகளில் ஓடுபவை. கோடே அழிந்துபோன நம் வீதியில், ஓரத்தில் கொழுந்துக் கூடையுடன் நடப்பவர்களுக்கு நடுவே, அந்த அனுபவத்தைச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது.

நுவரெலியா ஆசிரியை:
அனைவருக்கும் நன்றி. விசாரித்ததில் முன்கண்ணாடி இங்கு வந்த பிறகு மாற்றப்பட்டதென்று தெரிந்தது. கமராவைச் சரிபார்க்க நாள் குறித்துவிட்டோம். கித்துல்கலை தாண்டி ஏற்றம் தொடங்கியதும் குரூஸை அணைக்க என் கணவர் ஒப்புக்கொண்டார். வளைவில் ஹோர்ன் அடிக்கும்படி அவருக்கு இன்னும் நான்தான் நினைவூட்டுகிறேன்.