யாழினி அண்ணத்துக்கு ஸ்க்ரூவா? ‘ஆத்தா வீடு’ குரூப்பில் ஓடின பேச்சு

சுமதி: யாழினிய இன்னைக்கு பல் டாக்டர்கிட்ட காட்டினோம். மேல் தாடை குறுகலா இருக்காம். வலது பக்கம் மேல் கடைவாய்ப்பல்லு கீழ்ப்பல்லுக்கு உள்ளாற போய் உக்காருது. அண்ணத்துல, அதான் மேல்வாய்க் கூரையில, ஸ்க்ரூ வெச்சு விரிக்கணும்னு சொல்றாங்க. 9 வயசுதான ஆகுது, பயமா இருக்கு.

பெரியம்மா: ஸ்க்ரூவா? பச்சப்புள்ள வாயிலயா? என்ன கண்ணு சொல்ற

பாலு மாமா: எல்லாப் பல்லும் விழுந்து முளைக்கட்டும். 14, 15 வயசுல கிளிப் போட்டுக்கலாம். நம்ம வீட்டுல யாருக்கு இதெல்லாம் பண்ணினோம்?

கார்த்தி: உங்க பல்லத்தான் நாங்க தினமும் பாக்கறமே மாமா 😄

பாலு மாமா: டேய்

சுமதி: விளையாடாதீங்க. ரெண்டு வழி சொன்னாங்க. கழட்டி மாட்டற பிளேட் ஒண்ணு, பல்லோட ஒட்டிடற எக்ஸ்பாண்டர், அதான் தாடைய விரிக்கற கருவி, ஒண்ணு. பிளேட் விலை கம்மி. அதையே போட்டுரலாமா? நம்ம பல் டாக்டர் கௌசி எங்க போனா?

கௌசி: இப்பதான்க்கா கிளினிக் சாத்திட்டு வந்தேன். மொதல்ல ஒண்ணு பாருங்க. யாழினிய கண்ணாடி முன்னாடி நிக்க வெச்சு மெதுவாப் பல்லக் கடிக்கச் சொல்லுங்க. கடைசி நொடியில தாவாக்கட்டை ஒரு பக்கமா ஒதுங்குதா?

சுமதி: இரு

சுமதி: ஆமா கௌசி! வலது பக்கம் நகருது. இத்தன நாள் கவனிக்கவே இல்ல

கௌசி: அப்படின்னா பெரும்பாலும் மேல் தாடை ரெண்டு பக்கமுமே குறுகலா இருக்கும். பல்லுக்குப் பல்லு சரியா உக்காராததால கீழ்த்தாடை ஒரு பக்கமா ஒதுங்கிக் கடிக்குது. அதனாலதான் தப்பு வலது பக்கம் மட்டும் இருக்கற மாதிரி தெரியுது. இது தானா சரியாகறது அபூர்வம். வளர்ற வயசு பூரா இப்படியே ஒதுங்கிக் கடிச்சா முகமும் ஒரு பக்கமா வளர வாய்ப்பிருக்கு. அதனாலதான் மாமா, 15 வயசு வரைக்கும் காத்திருக்க வேண்டாம்ங்கறது.

பாலு மாமா: அதுக்காக எலும்பப் பிளக்கறதா?

கௌசி: பிளக்கறது இல்ல மாமா. மேல் தாடை பொறக்கும்போதே ரெண்டு எலும்பு. அண்ணத்து நடுவுல ஒரு இணைப்புக் கோடு இருக்கும். கைக்குழந்தைக்கு உச்சிக்குழி மெல்ல மெல்ல மூடற மாதிரி இதுவும் வயசாக ஆகத்தான் இறுகும். 9 வயசுல தளர்வாத்தான் இருக்கும். ஸ்க்ரூ அதைத் தள்ளி வெக்கும், நடுவுல உடம்பே புது எலும்பு போட்டுக்கும். வயசுக்கு வர்ற சமயம் தாண்டினா ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரி, பொண்ணுங்களுக்குப் பசங்கள விட முன்னாடியே இறுகிடும்.

பாலு மாமா: இதெல்லாம் காசு புடுங்கப் புதுசு புதுசாக் கண்டுபிடிக்கறாங்க

கௌசி: புதுசா 😀 1860லயே அமெரிக்காவுல ஏஞ்சல்னு ஒரு டாக்டர் 14 வயசுப் பொண்ணுக்கு ஸ்க்ரூ வெச்சு அண்ணத்த விரிச்சேன்னு எழுதினாரு. அப்ப உங்கள மாதிரிதான் யாரும் நம்பல. நூறு வருஷம் கழிச்சு, 1961ல ஹாஸ்ங்கறவர் எழுதினப்புறம்தான் மறுபடி எல்லாரும் செய்ய ஆரம்பிச்சாங்க.

தேவி அண்ணி: நம்ம புவனுக்குப் போட்டமே, யாருக்கும் ஞாபகம் இல்லையா? ஒட்டற வகைதான். தெனம் ராத்திரி சாப்பிட்டு, பல்லு விளக்கிட்டு, நான்தான் ஸ்க்ரூவத் திருப்பற சாவி போடுவேன். அவங்கப்பா செல்போன்ல டார்ச் அடிப்பாரு.

சுமதி: வலிச்சுதா அண்ணி?

தேவி அண்ணி: வலின்னு சொல்ல முடியாது. மூக்கு மேல, கண்ணுக்கு நடுவுல இறுக்கமா இருக்குன்னு சொல்லுவான், கொஞ்ச நேரத்துல போயிடும். மொத வாரம்தான் தொல்லை. எச்சில் ஊறிட்டே இருந்துச்சு, பேச்சு கொழகொழன்னு ஆச்சு. பேப்பரச் சத்தமாப் படிக்கச் சொன்னாங்க, சரியாயிடுச்சு. அப்புறம் முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல பெரிய இடைவெளி விழுந்துச்சு பாரு, நான் அழுதே போட்டேன்.

கௌசி: அந்த இடைவெளி விழுந்தா எலும்பு விலகுதுன்னு அர்த்தம் அண்ணி, நாங்க அதத்தான் எதிர்பாப்போம். பெரும்பாலும் தானா மூடிக்கும்.

தேவி அண்ணி: ஆமா, மூடிக்கிச்சு. சுமதி, சாவியில நூலைக் கட்டி கையில சுத்திக்க. தொண்டைக்குள்ள விழுந்துட்டா வம்பு. முன்னாலிருந்து பின்னால தள்ளணும், அடுத்த ஓட்டை முழுசாத் தெரியற வரைக்கும். சாவிய எடுக்கும்போது முன்னால இழுத்தீன்னா திருப்பினது திரும்பவும் பழைய இடத்துக்கே வந்துடும்.

சுமதி: ஒரு நாளைக்கு எத்தன தடவை?

கௌசி: அவங்க டாக்டர் சொல்றதுதான் கணக்கு. பொதுவா ஒரு திருப்புக்கு 0.25 மி.மீ. நாளைக்கு ஒண்ணு இல்லன்னா ரெண்டு. ரெண்டு மூணு வாரத்துல விரிச்சு முடிஞ்சுடும். கொஞ்சம் திரும்பக் குறுகும்னு தெரிஞ்சு வேணும்னே சற்று அதிகமா விரிப்போம். ஆனா அதோட கழட்டிடக் கூடாது. ஸ்க்ரூவப் பூட்டிட்டு, எலும்பு நிரம்பறதுக்காக ஆறு மாசம் போல வாயிலயே விட்டு வெக்கணும். விரிஞ்சுடுச்சேன்னு சீக்கிரம் கழட்டச் சொல்லி வர்றவங்கதான் அதிகம்.

கார்த்தி: கௌசிக்கா எனக்கு 24. இப்ப முடியுமா?

கௌசி: உனக்கு வெறும் ஸ்க்ரூ வெச்சா எலும்பு நகராது, பல்லுதான் வெளிப்பக்கம் சாயும். அண்ணத்து எலும்புலயே சின்ன ஆணி பொருத்தி விரிக்கற முறை இருக்கு, அதுவும் எல்லாருக்கும் பலிக்காது. இல்லன்னா ஆபரேஷன். தனியா வா, பாக்கறேன்.

சுமதி: அப்ப பிளேட் வேண்டாமா?

கௌசி: பிளேட் தப்புன்னு சொல்லல. வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு திருப்புதான், மெதுவாப் போகும், எலும்பை விடப் பல்லைத்தான் அதிகம் சாய்க்கும். கொஞ்சமாக் குறுகியிருந்தா போதும். ஆனா சாப்பிடறப்பவும் பல்லு விளக்கறப்பவும் தவிர மிச்ச நேரமெல்லாம் போடணும். யாழினி போடுவாளா?

சுமதி: தண்ணி பாட்டிலையே பஸ்ல விட்டுட்டு வர்றவ

பெரியம்மா: டிபன் டப்பாவும்

கௌசி: 🤦 அப்ப பிளேட் மேல காசு போடாதீங்க. இன்னொண்ணு இருக்கு, உங்க டாக்டர் சொன்னாங்களான்னு தெரியல. குவாட் ஹெலிக்ஸ். நாலு சுருள் வெச்ச கம்பி, பின் கடைவாய்ப்பல்லுல ஒட்டிடுவாங்க. வீட்டுல சாவி திருப்பற வேலை இல்ல, டாக்டரே அப்பப்ப விரிச்சு விடுவாங்க. மேல்பல்லு கீழ்ப்பல்லுக்கு உள்ளாற உக்காரறதத்தான் குறுக்குக் கடின்னு சொல்லுவோம். சின்னப் பிள்ளைங்களோட இந்த மாதிரி குறுக்குக் கடிக்கு கழட்டற பிளேட்ட விட இது நல்லாப் பலிக்குதுன்னு, பல மருத்துவ ஆய்வுகளச் சேத்துப் பாக்கற காக்ரேன் ஆய்வுத் தொகுப்புல சொல்லியிருக்காங்க. அவ இன்னும் விரல் சூப்பறாளா?

சுமதி: தூங்கும்போது மட்டும்...

பெரியம்மா: வேப்பெண்ணெய் தடவுன்னு அன்னைக்கே சொன்னேன்

கௌசி: பெரியம்மா, திட்டினாலும் கசப்பு தடவினாலும் சில பிள்ளைங்க ஒளிஞ்சு சூப்பும். கம்பி அண்ணத்துல இருந்தா விரல் வெச்சாலும் அந்த சொகம் இருக்காது, தானா விடறதுக்கு உதவும். விரலை விடாம எதைப் போட்டு விரிச்சாலும் திரும்பக் குறுகும்க்கா. ரொம்பக் குறுகலா இருந்தா ஒட்டற ஸ்க்ரூ, நடுத்தரமா இருந்தா குவாட் ஹெலிக்ஸ். நேர்ல பாக்காம நான் முடிவு சொல்ல மாட்டேன். போட்டோ அனுப்பாதீங்க, அதுல ஒண்ணும் தெரியாது.

பாலு மாமா: குறட்டை விடறாளே, அதுவும் இதுல சரியாயிடும்னு ஒரு வீடியோ வந்துச்சு. ஃபார்வர்டு பண்ணட்டுமா?

கௌசி: வேண்டாம் மாமா. அண்ணம்தான் மூக்குக்குத் தரை, அதனால விரிச்சா மூக்குக்குள்ள கொஞ்சம் இடம் கூடும், அது உண்மை. ஆனா குறட்டைக்காக மட்டும் இதைப் பண்ணக் கூடாது. அக்கா, வாயத் தொறந்துதான் தூங்கறாளா?

சுமதி: ஆமா, எப்பவும்

கௌசி: அப்ப காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்டயும் காட்டிடுங்க. மூக்குக்குப் பின்னாடி இருக்கற அடினாய்டுங்கற சதை பெருசா இருந்தா மூக்கால மூச்சு விடக் கஷ்டமா இருக்கும். பிள்ளைங்க குறட்டைக்கு அதுவும் டான்சிலும்தான் முக்கியக் காரணம்.

பாலு மாமா: பல்லப் புடுங்கிட்டா இடம் வந்துடாதா? எங்க காலத்துல அதான்

கௌசி: இடம் வரும். தாடை குறுகினது குறுகினதுதான் மாமா, கடியும் ஒதுங்கினபடியே இருக்கும்.

பாலு மாமா: செலவு?

கௌசி: ஊருக்கு ஊர் மாறும். கஷ்டமா இருந்தா பல் மருத்துவக் கல்லூரிகள்ல பல் வரிசை சீர் பண்ற ஆர்த்தோ துறை இருக்கு, அங்க கம்மியா ஆகும். மேற்படிப்பு டாக்டர்ங்க பண்ணுவாங்க, பேராசிரியர் மேற்பார்வை இருக்கும். காத்திருக்கற நேரம்தான் ஜாஸ்தி. இதோட முடியாதுங்கறதையும் இப்பவே சொல்லிடறேன். எல்லாப் பல்லும் முளைச்சப்புறம் கிளிப்பும் தேவைப்படலாம்.

சுமதி: சரி. சனிக்கிழமை மொதல்ல மூக்கு டாக்டர், அப்புறம் இவங்ககிட்ட குவாட் ஹெலிக்ஸ் பத்திக் கேக்கறேன். தீபாவளிக்கு முன்னாடி போடலாமா பின்னாடியா?

கௌசி: எப்ப வேணா போடலாம். போட்டப்புறம் கடலைமிட்டாய், சூயிங் கம், கடினமான முறுக்கு கூடாது. பல்லுல ஒட்டின வளையம் ஆடுச்சுன்னா அன்னைக்கே டாக்டருக்கு போன் பண்ணணும். சாப்பிட்டதும் ஊசி இல்லாத சிரிஞ்சுல தண்ணி பீச்சி அடியில கழுவுங்க, சோறு மாட்டிக்கும்.

தேவி அண்ணி: புவனோட சிரிஞ்ச தேடாத, புதுசே வாங்கிக்க. அதுல அவன் மீன் தொட்டிக்கு மருந்து விடறான்.

பெரியம்மா: அப்ப அவளுக்கு மட்டும் ரவா லட்டு பிடிச்சுடறேன். பாலு, நீ அந்த வீடியோவ இங்க அனுப்பாத.

பாலு மாமா: அனுப்பிட்டேன் அக்கா, வேற குரூப்புக்கு