இருட்டிலும் ஆரஞ்சு நிறம் காட்டும் கிருமி

காசநோய் வளர்ப்புச் சோதனைப் பிரிவில் நான் பணியில் சேர்ந்த மூன்றாம் ஆண்டில், மூன்று நோயாளிகளின் மூச்சுக்குழாய்க் கழுவுநீர் மாதிரிகள் ஒரே வாரத்தில் 'ஏ.எஃப்.பி. பாசிட்டிவ்' என, அதாவது அமிலத்தில் கழுவினாலும் சாயத்தை விடாத குச்சிக் கிருமிகள் உள்ளன என வந்தன. ஸ்லைடு ஒவ்வொன்றிலும் சிவந்த குச்சிகள் சிலவே தென்பட்டன. ஆனால் காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனையோ மூன்றிலும் நெகட்டிவ். அவர்களுள் ஒருவர் நாள்பட்ட இருமலால் அவதியுற்ற முதியவர். அவருக்குக் காசநோய்க்கான நான்கு மருந்துச் சிகிச்சையை உடனே தொடங்கிவிடலாமா என்று மருத்துவர் தொலைபேசியில் கேட்டபோது, இரண்டு முடிவுகளும் ஒத்துப்போகவில்லை, வளர்ப்பைப் பார்த்துவிடலாம் என்று மட்டுமே என்னால் சொல்ல முடிந்தது. மருத்துவரும் காத்திருந்தார்.

மூன்று வாரங்களுக்குப் பின் இவ்வகைக் கிருமிகளை வளர்க்கும் லோவென்ஸ்டீன்-ஜென்சன் ஊடகத்தின் பச்சைச் சரிவில் காலனிகள் தெரிந்தன. காசநோய்க் கிருமி வெளிறிய நிறத்தில், சொரசொரப்பாக, காலிஃபிளவர் பூவைப் போல் மடிந்து வளரும். இவையோ வழவழப்பாகக் குவிந்து, நல்ல ஆரஞ்சு நிறத்தில் இருந்தன. மறுவளர்ப்புக் குழாய் ஒன்றை அலுமினியத் தாளில் சுற்றி, வெளிச்சமே படாமல் அடைகாப்புப் பெட்டியில் வைத்தேன். நாட்கள் கழித்துத் தாளைப் பிரித்தபோது, உள்ளேயும் அதே ஆரஞ்சு நிறம். காசநோய்க் கிருமியின் உறவினமான மைக்கோபாக்டீரியம் கன்சாசி போன்றவை வெளிச்சம் பட்டால்தான் மஞ்சளாகும். இருட்டிலேயே நிறமி உண்டாக்குபவற்றை 1959-இல் ரன்யான் என்ற நுண்ணுயிரியலாளர் வகுத்த பிரிவுகளில் இரண்டாவதில் சேர்ப்பார்கள்.

அப்பிரிவில் குழந்தைகளின் கழுத்து நெறிக்கட்டிக்குக் காரணமாகும் மைக்கோபாக்டீரியம் ஸ்க்ரோஃபுலேசியமும் உண்டு என்பதால், நிறத்தை மட்டும் நம்பிப் பெயர் எழுதக் கூடாது. எங்கள் கிருமி ட்வீன் 80 என்ற வேதிப்பொருளைச் சிதைத்தது, யூரியாவைச் சிதைக்கும் நொதியைத் தேடும் யூரியேஸ் சோதனையில் நெகட்டிவாக இருந்தது; ஸ்க்ரோஃபுலேசியம் இவ்விரண்டிலும் நேர்மாறானது. மைக்கோபாக்டீரியம் கோர்டோனே என்று முடிவு செய்தோம். ரூத் கோர்டன் என்ற நுண்ணுயிரியலாளரைச் சிறப்பிக்கும் இப்பெயர் 1962-இல் சூட்டப்பட்டது. 'குழாய்நீர்க் கிருமி' என்ற வழக்குப் பெயரும் இதற்கு உண்டு.

அந்தப் பெயர்தான் எங்களுக்கு வழிகாட்டியது. மைக்கோலிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் செறிந்த மெழுகுபோன்ற செல்சுவர், அமிலத்தில் கழுவினாலும் சாயத்தை விடாமல் பிடித்துக்கொள்கிறது. அதே சுவர்தான் குடிநீரில் கலக்கும் குளோரினையும் பெருமளவு தாங்க உதவுகிறது. இக்கிருமி குழாயின் உட்சுவரில் வழுவழுப்பான படலமாக ஒட்டிக்கொண்டு, அங்கிருந்து சிறிது சிறிதாக நீரில் உதிரும். மூன்று நோயாளிகளுக்கும் பயன்பட்டது மூச்சுக்குழாய்க்குள் செலுத்திப் பார்க்கும் ஒரே பிராங்காஸ்கோப் கருவி என்பதும், கிருமிநீக்கத்துக்குப் பிறகு அதைக் கடைசியாக அலசியது சாதாரணக் குழாய்நீரில் என்பதும் விசாரித்தபோது தெரிந்தது. அந்தக் குழாயின் நீரை நுண்வடிகட்டியில் செலுத்தி வளர்த்தோம். அதிலும் அதே ஆரஞ்சுக் காலனிகள். இறுதி அலசலுக்குக் கிருமிநீக்கிய நீரும், அதன்பின் ஆல்கஹாலும், முழுமையான உலர்த்தலும் என்று முறையை மாற்றிய பிறகு இத்தகைய மாதிரிகள் வரவில்லை. முதியவரின் சளியை மீண்டும் இருமுறை வாங்கி வளர்த்தோம், ஒன்றும் முளைக்கவில்லை. தேவையற்ற மருந்துகளை மாதக்கணக்கில் விழுங்குவதிலிருந்து அவர் தப்பினார் என்ற நிம்மதி எனக்கு இன்றும் உண்டு.

ஆயினும் கோர்டோனே என்றாலே மாசு என்று ஒதுக்கிவிடுவதை நான் ஏற்பதில்லை. நோய் எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றியவர்களிடம், அரிதாகவே ஆனாலும், அது உண்மையான தொற்றை உண்டாக்கியிருக்கிறது. அத்தகைய ஒருவரின் வெவ்வேறு நாள் மாதிரிகளில் அது திரும்பத் திரும்ப வந்தால், அறிக்கையை அனுப்பியதோடு நிற்காமல் மருத்துவரை அழைத்துப் பேசுகிறேன்.