சுகர் மாத்திரை என்று சொல்லிக் கொடுத்த காசநோய் மருந்து: குமரி மாவட்டத்து அனுபவங்கள்

தக்கலையிலிருந்து, ஒரு மகள்

அப்பாவுக்குச் சுகர் வந்து 16 வருடமாகிறது. எங்கள் வீட்டில் எது நடந்தாலும் பழி சுகர் மேல்தான் விழும். கால் எரிந்தால் சுகர், கண் மங்கினால் சுகர், இரவில் நான்கு முறை எழுந்தால் சுகர். அதனால்தான் போன வருடம் ஆடி மாதத்தில் அவர் இளைக்கத் தொடங்கியபோது யாரும் பதறவில்லை. "சோற்றைக் குறைத்தேன், பலன் தெரிகிறது" என்று அவரே சந்தோஷப்பட்டார். 71 கிலோ இருந்தவர் 62க்கு வந்தார். வேட்டி இடுப்பில் நிற்காமல் பெல்ட் கட்டினார். நான் அவரைப் பாராட்டினேன். அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

பிறகு இருமல். சாயங்காலமானால் லேசான காய்ச்சல். பக்கத்துக் கிளினிக்கில் லீவோஃப்ளாக்சசின் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். பத்து நாள் நன்றாக இருந்தார், மறுபடி இருமல், மறுபடி அதே மாத்திரை. இப்படி மூன்று முறை. அது காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடிக்கும் மருந்து என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. கிருமி பாதி அடிபட்டுப் பதுங்கும், நோய் வெளியே தெரியாமல் போகும், அந்த மருந்தையே எதிர்க்கப் பழகும் ஆபத்தும் உண்டு. எக்ஸ்ரேயில் நிழல் நுரையீரலின் கீழ்ப்பகுதியில் விழுந்திருந்தது. காசநோய் பெரும்பாலும் மேல்பகுதியில்தான் தெரியும் என்பதால் நிமோனியா என்றார்கள். சர்க்கரை நோயாளிகளுக்குக் காசநோய் கீழ்ப்பகுதியிலும் வரும் என்பதை யாரும் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை. மூன்று மாதம் கையைவிட்டுப் போனது.

கடைசியில் ஆசாரிபள்ளத்துக்குப் போனோம். அந்தப் பெயரைச் சொன்னதும் அப்பாவின் முகம் மாறிவிட்டது. இன்று மருத்துவக் கல்லூரி நிற்கும் அந்த வளாகம் ஒரு காலத்தில் காசநோய் மருத்துவமனை. "ஆசாரிபள்ளத்துக்குக் கொண்டுபோனார்கள்" என்றால் அவர் தலைமுறைக்கு அதன் பொருள் வேறு. காலைச் சளியை எடுத்துக் கொடுத்தோம். கிருமியின் மரபணுவைப் பார்க்கும் கருவிக்கு இரண்டு மணி நேரம் போதுமாம். காசநோய் உறுதி, காசநோய்க்கு முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அடங்காத கிருமி என்று முடிவு வந்தது.

அப்பா மருத்துவரிடம் கேட்டார்: "நான் காசநோய் மருந்தைத் தொட்டதே இல்லை. மருந்துக்கு அடங்காத கிருமி எனக்கு எப்படி வந்தது?" நல்ல கேள்வி. மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவர்களுக்குத்தான் இந்த வகை வரும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஏற்கெனவே மருந்தை எதிர்க்கும் கிருமி உள்ள ஒருவர் இருமும்போது, அந்தக் கிருமியே காற்றில் நேராக வந்து தொற்றலாம். பஸ்ஸிலா, கல்யாண மண்டபத்திலா, யாருக்குத் தெரியும்? "உங்கள் மேல் குற்றம் இல்லை" என்று அந்த மருத்துவர் சொன்னபோது அப்பா தலையைக் குனிந்துகொண்டு வெகுநேரம் பேசவே இல்லை.

சுகருக்கு இதில் என்ன பங்கு என்று நான் கேட்டேன். சர்க்கரை கிருமியை நேராக மாற்றுவதில்லை. ஆனால் சர்க்கரை ஏறியே கிடந்தால், கிருமியை விழுங்கி அடக்கவேண்டிய வெள்ளணுக்கள் மந்தமாகிவிடுகின்றன. அதனால்தான் சுகர் உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். நுரையீரலில் கிருமிக் கூட்டம் பெருகும். கூட்டம் பெரிதானால், தற்செயலாக மருந்தை எதிர்க்கும் ஒன்றிரண்டு அதற்குள் இருக்கும் வாய்ப்பும் கூடும். சளியிலிருந்து கிருமி மறையவும் நாளாகும். சுகர் உள்ள சிலருக்கு ரிஃபாம்பிசின் இரத்தத்தில் போதிய அளவுக்கு ஏறுவதில்லை என்றும் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கிருமி அதிகம், மருந்து குறைவு, சிகிச்சையோ நீளம். எதிர்ப்புக் கிருமி தலையெடுக்க அதுவே வழி.

மீதியைப் பிறகு எழுதுகிறேன். இதே பாதையில் போனவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

வள்ளவிளையிலிருந்து, ஒரு மீனவரின் மனைவி

தங்கச்சி, உங்கள் அப்பாவுக்கு இப்போது வந்ததே, அதுவரைக்கும் நல்லது. எங்கள் வீட்டில் நடந்தது 2015இல்.

என் வீட்டுக்காரர் தங்கல் தொழிலுக்குப் போகிறவர். கொச்சித் தோப்பும்படியிலிருந்து போட் புறப்பட்டால் கரை காண முப்பது நாற்பது நாள் ஆகும். 38 வயதில் சுகர், அடுத்த வருடமே காசநோய். அன்றைக்கு வந்தது சாதாரண வகை, ஆறு மாத மருந்து. அப்போதெல்லாம் வாரத்துக்கு மூன்று நாள்தான் மாத்திரை, அதையும் பணியாளர் முன்னால் விழுங்க வேண்டும். இரண்டு மாதத்தில் இருமல் நின்றது, உடம்பு தேறியது. போட்டில் ஆள் குறைகிறது என்று கூப்பிட்டார்கள். கடன் இருந்தது. போய்விட்டார். கடலுக்குள் யார் முன்னால் மாத்திரை விழுங்குவது?

இன்சுலின் கதை அதைவிடக் கொடுமை. குளிரில் வைக்கச் சொன்னார்களே என்று மீன் போடும் ஐஸ் அறைக்குள் குப்பியைச் செருகி வைத்தாராம். அது உறைந்துபோனது. உருகியதும் எடுத்துக் குத்திக்கொண்டார். ஒருமுறை உறைந்த இன்சுலினுக்கு வேலை செய்யும் சக்தி போய்விடும், அதைக் கொட்டிவிட வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. தினமும் ஊசி போட்டுக்கொண்டே, சர்க்கரை கட்டில்லாமல் 40 நாள் இருந்திருக்கிறார். கடலுக்குப் போகும் வீட்டுப் பெண்கள் இதை மட்டுமாவது உங்கள் ஆட்களிடம் சொல்லுங்கள். ஐஸ்கட்டியில் இன்சுலின் படக்கூடாது.

திரும்பி வந்தபோது சளியில் இரத்தம். இம்முறை பல மருந்துக்கு அடங்காத வகை என்றார்கள். 24 மாதச் சிகிச்சை, அதில் முதல் ஆறு மாதத்துக்கும் மேலாக ஊசி. நான்காம் மாதம் காதில் கூவென்று ஒரு சத்தம் கேட்கிறது என்றார். நாங்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஊசி மருந்து காதைத் தாக்கும் என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே ஓடியிருப்பேன். நோய் குணமானது. ஆனால் காது போனது போனதுதான். இன்ஜின் சத்தம் மாறுவதைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுகிறவர், இப்போது கரையில் வலை பின்னுகிறார். நான் பேசினால் என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறார்.

இப்போது ஊசி இல்லாத சிகிச்சை வந்துவிட்டது என்று கேள்விப்படும்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அழுகையும் வருகிறது.

குலசேகரம் பக்கத்திலிருந்து, ஒரு காசநோய்க் களப்பணியாளர்

வள்ளவிளை அக்கா எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். எங்கள் தரப்பில் சொல்லாமல் விட்டது எத்தனை என்று தெரிகிறது.

நான் போகும் வீடுகளில் பாதிப் பேர் கேட்பது ஒன்றுதான்: "அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால் சுகர் மாத்திரை கொடுக்க வந்தேன் என்று சொல்லுங்கள்." 2021 ஆகஸ்டில் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கிய பிறகு சுகர், பிரஷர் மாத்திரையோடு வீடு தேடி வருவது ஊரில் சகஜமாகிவிட்டது. அந்தப் போர்வைக்குள் காசநோயை மறைக்கிறார்கள். ஒரு வீட்டில் மருமகளுக்கே தெரியாது. அந்தப் பாட்டா சுகர் மாத்திரை என்றே ஆறு மாதம் மென்றார். வீட்டில் சிறு குழந்தை இருந்தது, அதற்குப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று நான் மன்றாடிப் பார்த்தேன். சுகரைக் கூச்சமில்லாமல் சொல்லும் நாம் காசநோயை ஏன் இப்படி ஒளிக்கிறோம்? இந்த ஒளிப்பினால்தான் மருந்து விட்டுப்போகிறது, வீட்டாருக்குச் சோதனை தாமதமாகிறது. இதில் எனக்குக் கோபமே வருகிறது, மறைக்கவில்லை.

இரண்டு நோயும் ஒன்றாக இருப்பது அபூர்வம் என்று நினைக்காதீர்கள். 2012இல் வெளியான ஆய்வொன்றில், தமிழ்நாட்டில் சோதித்த காசநோயாளிகளில் நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது, இன்னும் நான்கில் ஒருவருக்கு அதன் முந்தைய நிலை. அதே வருடம் வெளியான, நம் எல்லைக்கு அந்தப்பக்கம் கேரளத்து ஆய்வில் 44 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். குமரியில் நாம் தின்பதும் வாழ்வதும் இரண்டு பக்கத்துக்கும் பொதுவானதுதானே. காசநோய் என்று தெரிந்த எல்லோருக்கும் சர்க்கரை பார்க்க வேண்டும், சுகர் உள்ளவருக்கு இரண்டு வாரம் இருமல் நீடித்தால் சளி பார்க்க வேண்டும் என்று 2017இலேயே தேசிய வழிகாட்டுதல் வந்துவிட்டது. ஆனால் கிளினிக்கில் கேட்டு வாங்க வேண்டியது இன்னும் நாம்தான்.

இன்னொன்று. ரிஃபாம்பிசின் கல்லீரலைத் தூண்டிச் சில சுகர் மாத்திரைகளைச் சீக்கிரம் கரைத்துவிடும். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு வகைகள் அப்படி. மாத்திரை ஒழுங்காகத் தின்றும் சுகர் ஏறுகிறதே என்று நோயாளி குழம்புவார், சிலர் காசநோய் மருந்தையே நிறுத்திவிடுவார்கள். சுகர் மருந்தை மாற்றினாலோ இன்சுலினுக்குப் போனாலோ சரியாகும் விஷயம்.

பால் வெட்டுக்குப் போகிறவர்களுக்குக் காலைச் சளி எடுப்பதும் சிரமம். மூன்று மணிக்கே டார்ச்சோடு ரப்பர் தோட்டத்துக்குள் போய்விடுவார்கள். அதனால் சளிக் குப்பியை முந்தின இரவே கொடுத்து, எழுந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு ஆழமாக இருமி எடுக்கச் சொல்வேன். எச்சிலைத் துப்பி மூடி வைப்பவர்கள்தான் அதிகம். அப்படிக் கொடுத்தால் கிருமி இருந்தும் இல்லையென்று முடிவு வரும்.

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து

நான் அண்டியாபீஸில், அதாவது முந்திரி ஆலையில், பருப்பு உடைக்கிறேன். சுகரும் உண்டு. காசநோய் வந்து முழு மருந்தும் தின்று, சளியில் கிருமி இல்லை என்று எழுதியும் வாங்கினேன். வேலைக்குத் திரும்பியபோது என் பலகையைச் சுவர் ஓரத்துக்குத் தள்ளிவைத்திருந்தார்கள். இரண்டு மாதம் அங்கேதான் தனியாக இருந்தேன். ஒருநாள் கூட வேலை செய்யும் ஒரு அக்கா தன் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் போட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் உடைக்கத் தொடங்கினார். வேறு சொல்ல எனக்கு இல்லை.

மறுபடியும் தக்கலையிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. வள்ளவிளை அக்கா, நீங்கள் காதைப் பற்றி எழுதியதுதான் என்னை இன்று எழுத வைத்தது.

அப்பாவுக்கு இப்போது நடப்பது ஆறு மாதச் சிகிச்சை. பெடாகுயிலின், பிரெட்டோமனிட், லைனசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் என்று நான்கு மருந்து, எல்லாம் மாத்திரைதான். மத்திய அரசு 2024 செப்டம்பரில் இதற்கு ஒப்புதல் கொடுத்தது. நான்காவது மருந்து அந்தக் கிளினிக் மாத்திரையின் இனம்தான்; அதை மூன்று முறை தின்றிருந்ததால் இது கேட்குமா என்று தனிச் சோதனை செய்தார்கள். அந்த முடிவு வரும்வரை எங்களுக்குத் தூக்கமில்லை. கேட்கும் என்று வந்தது.

ஆனால் சுகர் உள்ளவருக்கு இந்தச் சிகிச்சை எளிதல்ல. மூன்றாம் மாதம் அப்பாவின் பாதம் எரியத் தொடங்கியது. பழைய பழக்கம், "சுகர்தானே" என்று ஐந்து வாரம் சொல்லாமல் இருந்துவிட்டார். லைனசோலிட் நரம்பைத் தாக்கும், கண் நரம்பையும் தாக்கலாம், இரத்தத்தையும் குறைக்கலாம். மருத்துவர் உடனே அளவைப் பாதியாக்கினார். எரிச்சல் முழுதாகப் போகவில்லை, கூடவும் இல்லை. அவராகவே மாத்திரையை நிறுத்தியிருந்தால் கதை வேறாகியிருக்கும். அதே மருந்து, இன்சுலின் போடுகிறவருக்குச் சர்க்கரையைத் திடீரெனத் தாழ்த்தவும் கூடும். ஒரு விடியற்காலையில் வியர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறிக் கிடந்தார். குத்திப் பார்த்தால் 52. சீனித் தண்ணீர் கொடுத்துத் தெளிய வைத்தோம். அன்றிலிருந்து தலைமாட்டில் குளுக்கோஸ் பொட்டலமும் சுகர் பார்க்கும் கருவியும் இருக்கின்றன. இதயத் துடிப்பின் போக்கை மாற்றும் மருந்துகளும் இதில் உள்ளதால் அவ்வப்போது இசிஜி எடுக்கிறார்கள்.

சாப்பாட்டில்தான் வீட்டில் சண்டை. காசநோய்க்கு நன்றாகச் சாப்பிடு என்கிறார்கள், சுகருக்குக் குறை என்கிறார்கள். அம்மா மட்டிப்பழக் குலையை ஒளித்துவைக்கிறார், அப்பா தேடிப்பிடிக்கிறார். உணவியல் பணியாளர் ஒரு வழி சொன்னார்: பட்டினி வேண்டாம், தட்டில் மரச்சீனிக் கிழங்கின் இடத்தைச் சாளையும் முட்டையும் சிறுபயறும் பிடிக்கட்டும், இன்சுலினை அதற்கேற்பச் சரிசெய்யலாம். ஊட்டச்சத்துக்கு அரசு தரும் தொகை 2024 நவம்பரிலிருந்து மாதம் 500 ரூபாயிலிருந்து 1,000 ஆகியிருக்கிறது. எங்களுக்கு அது மீன் காசு. அப்பாவின் எடை இப்போது 66.

சளியில் கிருமி வளர்கிறதா என்று மாதாமாதம் பார்க்கிறார்கள். கடைசி இரண்டு முறையும் வளரவில்லை. எனக்கும் அம்மாவுக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள், ஒன்றும் இல்லை.

போன வாரம் பக்கத்து வீட்டு மாமி கேட்டுக்கு வெளியே நின்று, "உங்கள் அப்பாவுக்கு என்ன மக்களே, ரொம்ப மெலிந்துவிட்டாரே, சுகரா?" என்று கேட்டார். நான் பதில் தேடுவதற்குள் திண்ணையில் இருந்த அப்பா, "சுகரும் உண்டு, காசநோயும் உண்டு. மருந்து தின்கிறேன். உங்கள் வீட்டில் அவருக்கு ஒரு மாதமாக இருமல் கேட்கிறதே, சளி பார்த்தீர்களா?" என்றார்.

மாமி இரண்டு நாள் எங்கள் பக்கம் திரும்பவில்லை. மூன்றாம் நாள் காலை, சளிக் குப்பி எங்கே கிடைக்கும் என்று கேட்டு வந்தார்.