லோடில் வீகோர் உண்மையில் எவ்வளவு? உதவி தேவை

ஐ5-9600கே பிராசஸர், இசட்390 மதர்போர்டு. எல்லா கோரும் 4.9 கிகாஹெர்ட்ஸ், பயாஸில் 1.300 வோல்ட் மேனுவலாக, எல்எல்சி (லோடில் வோல்டேஜ் இறங்குவதை ஈடுகட்டும் பயாஸ் அமைப்பு) நடு அளவில். சென்சார் எண்களைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோவில் சும்மா இருக்கும்போது வீகோர் (பிராசஸர் கோருக்கான வோல்டேஜ்) 1.296. பிரைம்95 ஸ்மால் எஃப்எஃப்டி என்ற கடும் லோடு டெஸ்ட் ஓடினால் 1.248. விஐடி மட்டும் 1.37-ஐத் தாண்டுகிறது.

விஐடி பிராசஸர் கேட்கிற வோல்டேஜ்தான், அளந்த எண் இல்லை. அதனால் மேனுவல் மோடில் அதை விட்டுவிடலாம். லோடில் இறங்குவது வீட்ரூப், கோளாறல்ல. எல்எல்சியை உச்சத்தில் வைக்கச் சொல்லாதீர்கள். லோடு விடுபடும் கணத்தில் வோல்டேஜ் மேலே துள்ளும். சாஃப்ட்வேரில் அது தெரியவே தெரியாது.

சிக்கல் வேறு. இந்த வீகோர், போர்டில் உள்ள சூப்பர் ஐஓ என்ற சென்சார் படிக்கும் சிப் சாக்கெட் பக்கம் படிக்கிற எண். 100 ஆம்பியர் ஓடும்போது சாக்கெட்டுக்கும் டைக்கும் (பிராசஸரின் சிலிக்கான் துண்டு) நடுவே அரை மில்லிஓம் இருந்தாலே 50 மில்லிவோல்ட் போய்விடும். அப்படியென்றால் கோருக்குப் போய்ச் சேர்வது 1.20 தானா?

விஆர் வவுட் (வோல்டேஜ் ரெகுலேட்டரே தரும் அவுட்புட் எண்) சென்சார் இந்த போர்டில் இல்லை. சாக்கெட்டின் பின்பக்க கெபாசிட்டரில் மல்டிமீட்டர் வைத்து அளந்தவர்கள் இருந்தால், கருப்பு முனையை எங்கே வைத்தீர்கள்? கேஸ் கிரவுண்டில் வைத்தால் கிரவுண்ட் பாதையின் இறக்கமும் கணக்கில் கலந்துவிடும். உங்கள் எண்ணோடு எல்எல்சி அளவையும் எந்த டெஸ்ட் ஓடியது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.