கோல்ஃப் கிளப் தொழிலாளியின் மகன் கோல்ஃப் ஆட வழி இருக்கிறதா?

தென்னங்கீற்று எழுதியது:

வணக்கம். எங்கள் பகுதியில் 12 வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். அப்பாவுக்கு ஒரு கோல்ஃப் கிளப்பில் புல் வெட்டும் வேலை. உறுப்பினர் ஒருவர் வேண்டாம் என்று கொடுத்த 7 அயர்ன், சாண்ட் வெட்ஜ் என்ற இரண்டு மட்டைகள்தான் பையனிடம் உள்ளவை. கிளப் வேலியை ஒட்டிய பொட்டலில் அவன் அடிப்பதைப் பார்த்த இரண்டு மூன்று உறுப்பினர்கள், இவனிடம் விஷயம் இருக்கிறது என்கிறார்கள்.

பை தூக்கும் கேடி வேலையில் சேர்த்துவிட்டால் தானே கற்றுக்கொண்டு மேலே வந்துவிடுவான் என்பது அப்பாவின் எண்ணம். அது இன்றைக்கும் நடக்கக்கூடியதா? உறுப்பினர் அல்லாத குடும்பத்துப் பையன் போட்டிகளில் கலந்துகொள்ள என்ன வேண்டும்? செலவை யாராவது ஏற்றுக்கொண்டால் அமெச்சூர் (பணத்துக்காக ஆடாதவர்) விதிப்படி சிக்கல் வருமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சிவப்பு டீ எழுதியது:

12 வயதில் கேடி வேலைக்கு அனுப்பவே கூடாது. 2016-இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டப்படி 14 வயது நிரம்பாத யாரையும் வேலைக்கு வைக்க முடியாது. சொந்தக் குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற விதிவிலக்குகளில் கேடி வேலை அடங்காது. சட்டத்தைத் தள்ளி வைத்தாலும், 18 குழி கொண்ட ஒரு முழுச் சுற்று என்பது ஏழெட்டு கிலோமீட்டர் நடை, நாலு மணி நேரத்துக்கு மேல், தோளில் பத்துப் பன்னிரண்டு கிலோ. வளரும் முதுகுக்கு ஆகாது.

ஆனால் அந்த அப்பா சொல்வது வெறும் நம்பிக்கை இல்லை. இந்தியத் தொழில்முறை கோல்ஃபின் பாதி வரலாறு அதுதான். நாட்டின் பெரிய போட்டியான இந்தியன் ஓப்பனை முதலில் வென்ற இந்தியர் பி.ஜி. சேத்தி, 1965-இல், அமெச்சூராக வென்றார். தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் வெல்ல 1991 வரை ஆனது. அவர் அலி ஷேர், டெல்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்தவர். 1993-இல் மறுபடியும் வென்றார். 2009-இல் வென்ற பெங்களூரு முனியப்பாவும் கேடி. எஸ்.எஸ்.பி. சௌராசியாவின் அப்பா ராயல் கல்கத்தா கிளப்பில் புல்தரை பராமரிப்பவர், அதாவது நீங்கள் சொல்லும் பையனின் அதே நிலை. அவர் 2008-இல் இந்தியன் மாஸ்டர்ஸையும், 2016, 2017-இல் தொடர்ந்து இந்தியன் ஓப்பனையும் வென்றார்.

இவர்களுக்கு அந்த வேலை கொடுத்தது சம்பளத்தை விடப் பெரிய விஷயம்: மைதானத்துக்குள் இருக்கும் நேரம். பராமரிப்புக்காக மைதானம் மூடியிருக்கும் திங்கட்கிழமைகளில் ஆட அனுமதி. நல்ல ஆட்டக்காரர் காற்றுக்கு எந்த மட்டையை எடுக்கிறார், குழியைச் சுற்றி மழித்த புல்தரையான கிரீன் எந்தப் பக்கம் சரிகிறது என்று ஆண்டுக்கணக்கில் பக்கத்தில் நின்று பார்க்கும் வாய்ப்பு. கழித்துக் கட்டிய மட்டைகள். ஒரு பணக்காரக் குழந்தைக்குப் பெற்றோர் காசு கொடுத்து வாங்கித் தரும் அதே விஷயங்கள், இவர்களுக்கு உழைப்புக்குக் கிடைத்தன. சௌராசியாவைச் சக ஆட்டக்காரர்கள் ‘சிப்பட்சியா’ என்று அழைத்தார்கள். கிரீனுக்கு அருகிலிருந்து பந்தைச் சின்னதாகத் தூக்கி அடிக்கும் சிப்பிலும், குழிக்குள் உருட்டும் புட்டிலும் அப்படி ஒரு கை. டிரைவர் என்ற நெடுந்தூர மட்டையில் இருநூறு பந்து அடித்துப் பழக இடமும் காசும் இல்லாதவர்கள் கிரீனைச் சுற்றித்தான் பழகுவார்கள். அந்த ஆட்டம் அப்படி உருவானதுதான்.

குழந்தைகளை வேலைக்கு வைத்துக் கட்டிய ஏணி அது. அது போனது சரி. ஆனால் அந்த வேலையோடு சேர்ந்து வந்த மைதான நேரமும் போய்விட்டது, அதற்கு மாற்றாக எதுவும் வரவில்லை. அதனால் அந்தப் பையனுக்காகக் கேட்க வேண்டியது வேலையை அல்ல, நேரத்தை. தொழிலாளர் குழந்தைகளுக்குத் திங்கட்கிழமை மாலைகளிலும், மற்ற நாட்களில் கடைசி ஆட்டக்காரர்கள் ஆட்டம் தொடங்கும் இடமான முதல் டீயைத் தாண்டிய பிறகும் பயிற்சி கிரீனைத் திறந்துவிடச் சொல்லி நிர்வாகக் குழுவுக்கு எழுத்தில் கொடுங்கள். தனிப்பட்ட பையனுக்காக என்று எழுதாமல் ‘18 வயதுக்குட்பட்ட ஊழியர் குழந்தைகள்’ என்று எழுதினால்தான் அடுத்த குழு வரும்போதும் நிலைக்கும். யார் மேற்பார்வை, பந்து பட்டுக் காயம் வந்தால் காப்பீடு எது என்ற இரண்டு கேள்விகளில்தான் இந்த மாதிரிக் கோரிக்கைகள் தட்டிக்கழிக்கப்படுகின்றன. மூத்த கேடி ஒருவரின் பெயரையும் விபத்துக் காப்பீட்டு விவரத்தையும் கடிதத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

மதிப்பெண் அட்டை எழுதியது:

போட்டி, பணம், விதி பற்றி நான் சொல்கிறேன்.

அமெச்சூர் போட்டிக்கு நுழைவுச் சீட்டு ஹேண்டிகேப், அதாவது ஆட்டக்காரரின் திறமையைக் காட்டும் எண்; குறையக் குறைய நல்லது. 2020 முதல் உலகம் முழுக்க ஒரே ஹேண்டிகேப் முறை, அதிகபட்சம் 54.0. ஆனால் அதை வழங்குவது தேசியச் சங்கத்தோடு இணைந்த கிளப். இந்தியாவில் அந்தச் சங்கம் இந்தியன் கோல்ஃப் யூனியன். இங்கேதான் கதவு அடைபடுகிறது. மட்டை வாங்கக் காசு திரட்டிவிடலாம், ஆனால் கிளப் உறுப்பினர் பட்டியலில் பெயர் இல்லாத குழந்தைக்கு ஹேண்டிகேப் பதிவதற்கு இடமே இருக்காது. பெரிய நகரக் கிளப்புகளில் உறுப்பினராக ஆண்டுக்கணக்கில், சில இடங்களில் தலைமுறைக் கணக்கில் காத்திருக்க வேண்டும். உறுப்பினரின் குழந்தையோ பிறந்தது முதலே உள்ளே இருக்கிறது. அதனால் சிவப்பு டீ சொன்ன கடிதத்தில் இன்னொரு வரி சேருங்கள்: அக்குழந்தைகளின் ஹேண்டிகேப்பை கிளப் தன் பெயரில் பதிந்து தர வேண்டும்.

அதற்கு அடுத்த செலவு பயணம். உலக அமெச்சூர் தரவரிசையில் ஏற, அதில் சேர்த்த போட்டிகளில் ஆட வேண்டும். அவை ஊர் ஊராக நடக்கும். ஒவ்வொன்றுக்கும் நுழைவுக் கட்டணம், பயிற்சிச் சுற்றுக்கான கட்டணம், கூடவே ஒரு பெரியவரோடு நாலைந்து நாள் தங்கல், சாப்பாடு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பயிற்சியாளர்கள் உதவித்தொகைக்கு ஆள் தேடும்போது பார்ப்பது அந்தத் தரவரிசையைத்தான். ஆடுகிற திறமை சமமாக இருக்கும் இரண்டு பேரில், ஆண்டுக்குப் பன்னிரண்டு போட்டிக்குப் போகக்கூடியவனும் இரண்டுக்குப் போகக்கூடியவனும் ஒரே இடத்தில் நிற்க மாட்டார்கள்.

கேடிகள் அமெச்சூர் கட்டத்தையே தாண்டிக் குதித்து 17, 18 வயதில் தொழில்முறைக்குப் போனதற்கும் இதுவே காரணம். அங்கேயும் கணக்கு கடுமையானது. இந்தியத் தொழில்முறை கோல்ஃப் அமைப்பான பிஜிடிஐயின் போட்டியில் ஒரு கோடி ரூபாய் பரிசுத் தொகை என்றால் வெல்பவருக்கு 15 லட்சம். ஆனால் 36 குழிக்குப் பிறகு முதல் 50 இடங்களுக்குள் வராதவர்கள் வெறுங்கையோடு ஊர் திரும்ப வேண்டும். ரயில், அறை, கேடி, கட்டணம் எல்லாம் அவர்கள் பையிலிருந்துதான். அடுத்த மூன்று போட்டிக்கான செலவு கையில் இருப்பவன் 18-ஆவது குழியில் தண்ணீருக்கு மேலே துணிந்து அடிப்பான். இல்லாதவன் ஓரமாக அடித்துத் தப்பிக்கப் பார்ப்பான். பலர் நடுக்கம் என்று சொல்வது பெரும்பாலும் கடன் பயம்.

ஸ்பான்சர் விஷயத்தில் நல்ல செய்தி. 2022 ஜனவரி 1 முதல் அமெச்சூர் விதிகள் மாறிவிட்டன. முன்பு அமெச்சூர் ஆட்டக்காரர் தன் பெயர், படத்தை வைத்துப் பணம் பெற்றால் தகுதி போய்விடும்; வீட்டில் வசதி இருந்தவர்களை மட்டும் அந்த விதி தொடவே இல்லை. இப்போது செலவை யார் ஏற்றாலும், சட்டையில் யார் பெயரைப் போட்டாலும் குற்றமில்லை. அவன் செய்யக்கூடாதவை: ஒரு போட்டியில் 1,000 அமெரிக்க டாலர் வரம்புக்கு மேல் பரிசு வாங்குவது, பணம் பெற்று மற்றவருக்கு ஆட்டம் சொல்லிக்கொடுப்பது, தொழில்முறை ஆட்டக்காரராகப் போட்டியில் இறங்குவது. பின்னாளில் வயது வந்து கேடி வேலை பார்த்தாலும் அமெச்சூர் தகுதிக்கு ஆபத்தில்லை.

இதைக் குறிப்பாகச் சொல்லக் காரணம், அமெரிக்காவில் நிலைமை வேறாக இருந்தது. 1909-இல் அங்கே 16 வயதுக்கு மேல் கேடி வேலை செய்தாலே தொழில்முறை என்று விதி வைத்தார்கள். பிறகு வயதை 18, 21 என்று தளர்த்தி, 1963-இல்தான் முழுதாக நீக்கினார்கள். மைதானத்தில் உழைத்துப் பிழைத்த பையனை அமெச்சூர் போட்டிக்கு வெளியே நிறுத்தி வைத்த விதி அது. கேடியாக இருந்து, 1916-இல் அமெரிக்க ஓப்பன், அமெச்சூர் இரண்டையும் வென்ற சிக் எவன்ஸ், தகுதி போகக்கூடாது என்று தனக்கு வந்த பணத்தைக் கையில் வாங்காமல் கேடிகளின் கல்லூரிப் படிப்புக்கு ஒதுக்கினார். 1930 முதல் இன்றுவரை அந்த உதவித்தொகை ஓடிக்கொண்டிருக்கிறது. கேடி வேலைப் பதிவு, பள்ளி மதிப்பெண், குடும்பத்தின் பணத்தேவை, நற்குணம் நான்கையும் பார்த்துத் தருகிறார்கள். ஆட்டத் திறமையைக் கேட்பதே இல்லை. அது எனக்கு மிகப் பிடித்த நிபந்தனை.

கிரிப் டேப் எழுதியது:

மட்டை பற்றி ஒரு எச்சரிக்கை. பெரியவர்களின் மட்டையை வெட்டிச் சின்னதாக்கிக் கொடுப்பது எல்லா இடத்திலும் நடக்கிறது, அதில்தான் நிறையக் குழந்தைகளின் ஸ்விங் கெடுகிறது. ஆண்கள் 7 அயர்னின் தலை கிட்டத்தட்ட 270 கிராம். தண்டை வெட்டினால் அந்த எடை குறையாது, தண்டு மட்டும் இன்னும் விறைப்பாகும். பையன் வேகம் எடுக்க முடியாமல் கையால் தூக்குவான். மேலே போகும்போது இடது முழங்கை மடிவது, பந்துக்குப் பின்னால் மண்ணில் படுவது, அடித்து முடித்ததும் பின்பக்கம் சாய்வது: மூன்றில் இரண்டு தெரிந்தால் மட்டை கனம் என்று அர்த்தம்.

கேட்டு வாங்குவதானால் பெண்கள் செட் கேளுங்கள். மெல்லிய கிராஃபைட் தண்டு. ஒன்று முதல் இரண்டு அங்குலம் வெட்டினால் 12 வயதுக்குச் சரியாக இருக்கும். கைப்பிடிப் பக்கம்தான் வெட்ட வேண்டும், தலைப் பக்கம் வெட்டினால் விறைப்பு இன்னும் கூடும். பழைய கிரிப்பைக் கத்தியால் கிழித்து எடுத்து, இரட்டைப் பக்க டேப் சுற்றி, கொஞ்சம் டர்பன்டைன் ஊற்றிச் சிறுவர் கிரிப்பை ஒரே மூச்சில் தள்ள வேண்டும். பாதியில் நிறுத்தினால் ஒட்டிக்கொள்ளும். ஓர் இரவு காயட்டும்.

விதிப்படி 14 மட்டை வரை வைக்கலாம். அவனுக்கு இப்போது ஐந்து போதும்: ஒரு ஹைபிரிட், 7, 9 அயர்ன், சாண்ட் வெட்ஜ், புட்டர். இருக்கும் காசில் புட்டரை முதலில் வாங்குங்கள். பார் 72 மைதானத்தில், அதாவது 18 குழியையும் 72 அடியில் முடிக்க வேண்டும் என்று கணக்கிட்ட மைதானத்தில், 36 அடிகள் புட்டுக்கென்றே கணக்கு.

வேலிக்கு வெளியே எழுதியது:

மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் எல்லாமே கிளப்பின் தயவை எதிர்பார்க்கும் வழிகள். நிலம் யாருடையது என்று யாரும் கேட்கவில்லையே. நம் நாட்டில் பழைய கோல்ஃப் மைதானங்கள் பல அரசு குத்தகை நிலத்தில் இருக்கின்றன. ராணுவ நிலத்தில் மட்டும் சுமார் 8,000 ஏக்கரில் கோல்ஃப் மைதானங்கள் நடப்பதை 2011-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையே சுட்டிக்காட்டியது. பொது நிலம் என்றால் பொதுக் குழந்தைக்கு அதில் உரிமை இருக்க வேண்டும். கெஞ்சிக் கேட்பது ஏன்?

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸைப் பாருங்கள். உலகத்திலேயே புகழ்பெற்ற ஓல்டு கோர்ஸ் எந்தக் கிளப்புக்கும் சொந்தமில்லை. 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓர் அறக்கட்டளை நடத்துகிறது. ஊர்க்காரர்கள் ஓர் ஆண்டுச் சீட்டு வாங்கினால் அங்குள்ள ஏழு மைதானங்களிலும் ஆடலாம். ஞாயிற்றுக்கிழமை ஓல்டு கோர்ஸில் ஆட்டம் கிடையாது, ஊர் மக்கள் நடந்து போகிறார்கள். டெல்லியிலும் வளர்ச்சி ஆணையம் நடத்தும் குதுப், பல்ஸ்வா மைதானங்களில் உறுப்பினர் அல்லாதவர் கட்டணம் கட்டி ஆட முடிகிறது. சென்னையில் 2024-இல் கிண்டி ரேஸ் கோர்ஸ் குத்தகையை அரசு ரத்து செய்தபோது, ஓடுபாதைக்கு நடுவே இருக்கும் கோல்ஃப் மைதானமும் பேச்சுக்கு வந்தது. அப்போது ஒன்பது குழியில் ஒரு பொது மைதானம் என்ற யோசனையையாவது யாராவது வைத்திருக்க வேண்டும்.

சிவப்பு டீ எழுதியது:

வேலிக்கு வெளியே, உங்கள் வாதத்தில் பாதி எனக்கு உடன்பாடு. குத்தகை புதுப்பிக்கும்போது இத்தனை மணி நேரம் பள்ளிக் குழந்தைகளுக்கு என்று நிபந்தனை வைப்பது அரசால் நிச்சயம் முடியும். ஆனால் ‘பொது’ என்ற பலகை மட்டும் போதாது. கட்டணம் கட்டி ஆடலாம் என்றால் அந்தக் கட்டணம் புல் வெட்டுபவரின் சம்பளத்துக்கு எட்ட வேண்டும். அமெரிக்காவில் 2006-இல் தொடங்கிய ‘யூத் ஆன் கோர்ஸ்’ திட்டத்தில் சிறுவர்கள் ஒரு சுற்றுக்கு 5 டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை, மீதியைத் திட்டம் மைதானத்துக்குக் கொடுத்துவிடுகிறது. மைதானம் காலியாகக் கிடக்கும் நேரத்தை விற்பதால் அவர்களுக்கும் நஷ்டமில்லை. பொது நிலமோ தனியார் நிலமோ, விலையையும் நேரத்தையும் எழுதி வைக்காத எந்த ஏற்பாடும் இரண்டு ஆண்டில் கரைந்துவிடும். இன்னொன்று: கேடி வழி பெரும்பாலும் பையன்களுக்கு மட்டுமே திறந்திருந்தது. ஊழியர் குழந்தைகள் என்று கடிதம் எழுதும்போது பெண் குழந்தைகள் என்பதையும் தெளிவாக எழுதுங்கள், இல்லாவிட்டால் அவர்கள் தானாக விடுபட்டுப் போவார்கள்.

தென்னங்கீற்று எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கடிதம் தயார் செய்கிறோம். ஒரு சந்தேகம்: மாலையில் இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் 18 குழி ஆட முடியாதே, ஹேண்டிகேப் எப்படி?

மதிப்பெண் அட்டை எழுதியது:

18 குழி ஒரே மூச்சில் ஆட வேண்டியதில்லை. மொத்தம் 54 குழிக்கான மதிப்பெண் போதும்; ஒன்பது ஒன்பதாக ஆறு மாலை ஆடினாலும் செல்லும். ஹேண்டிகேப் வரும்வரை ஒரு குழிக்கு அதிகபட்சம் பாருக்கு மேல் 5 என்றே பதிவாகும். பார் 4 குழியில் 13 அடித்தாலும் 9 என்றுதான் எழுதுவார்கள், அதனால் ஒரு மோசமான குழிக்காக அட்டையைக் கிழிக்க வேண்டாம். 54 குழி என்பது மூன்று 18 குழி மதிப்பெண்கள்; ஒவ்வொன்றையும் மைதானத்தின் கடினத்தோடு ஒப்பிட்டு வரும் வித்தியாசங்களில் குறைந்ததை எடுத்து, அதில் 2 கழித்து முதல் ஹேண்டிகேப் தருவார்கள். 20 சுற்று சேர்ந்த பிறகு சிறந்த எட்டின் சராசரி. மைதானத்துக்கு அந்தக் கடினத்தை எண்ணில் சொல்லும் கோர்ஸ் ரேட்டிங்கும் ஸ்லோப் ரேட்டிங்கும் இருக்கிறதா என்று முதலில் கிளப் அலுவலகத்தில் கேளுங்கள், இல்லாவிட்டால் கணக்கே போட முடியாது. கூட ஆடும் ஒருவர் மார்க்கராக ஒவ்வொரு குழிக்கும் எழுதி, முடிவில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். தனியாக ஆடிய சுற்று எவ்வளவு நன்றாக அமைந்தாலும் கணக்கில் வராது. திங்கட்கிழமை ஆடும் மூத்த கேடி ஒருவரிடம் இப்போதே பேசி வையுங்கள்.